நெருப்பும் கத்தரிக்கோலும்: தாமஸ் ஹார்டியின் எழுத்து வாழ்வு

1896ஆம் ஆண்டு ஜூன் திங்கள். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள வேக்ஃபீல்டு நகரத்துப் பிஷப், வில்லியம் வால்ஷம் ஹௌ என்பவர், 'யார்க்ஷயர் போஸ்ட்' நாளேட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாவல் ஒன்றை வாங்கினாராம், படித்தாராம், அதன் இழிவைப் பொறுக்கமாட்டாமல் நெருப்பில் எறிந்தாராம். அந்த நாவல் 'ஜூட் தி அப்ஸ்க்யூர்'. உலகறியா ஜூட் என்று நாம் அதைத் தமிழில் அழைக்கலாம். எழுதியவர் தாமஸ் ஹார்டி.

இந்த நிகழ்ச்சியை எடுத்துச் சொல்வதில் பகுத்தறிவாளராகிய நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஏட்டைக் கொளுத்தலாம், எண்ணத்தைக் கொளுத்த முடியுமா என்று மேடையில் ஒருமுறை கேட்டுவிட்டால் கைத்தட்டல் உறுதி. ஆனால் நெருப்பில் எறியப்பட்ட நூலின் ஆசிரியரே அந்தக் கதையை முழுமையாக நம்பவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தடித்த நூல் ஒன்று நன்கு எரியும் நெருப்பிலேகூட எளிதில் வேகாது. மேலும் அது கோடைக்காலம். கோடையில் எந்த வீட்டில் கணப்பு மூட்டுகிறார்கள் என்று ஹார்டி புன்முறுவலோடு ஐயப்பட்டார்.

நெருப்பு உண்மையோ பொய்யோ, அதனால் ஹார்டிக்குக் கெட்டது ஒன்றுமில்லை. பிஷப் செய்த மற்றொரு காரியம் உண்டு. அதை அவர் நாளேட்டில் எழுதவில்லை. டபிள்யூ. எச். ஸ்மித் என்னும் பெரிய இரவல் நூலகத்தின் உரிமையாளருக்கு அவர் தனியே கடிதம் விடுத்தார். நூல் ஓசையின்றி அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஆசிரியரின் நூல்கள் இனி வந்தால் நன்கு ஆராய்ந்த பின்பே வெளியே விடப்படும் என்ற உறுதியும் கிடைத்தது. பிஷப் இறந்த பின்னர், அவர் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோதுதான் ஹார்டிக்கே இது தெரிந்தது.

நெருப்பை ஊர் பார்க்கும். கடிதத்தை யார் பார்ப்பார்? ஹார்டியின் எழுத்து வாழ்வு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இத்தகைய கண்ணுக்குத் தெரியாத கைகளோடு நடத்திய போராட்டம். பல இடங்களில் அவற்றோடு செய்துகொண்ட உடன்பாடும்கூட. அந்த உடன்பாட்டை எப்படி மதிப்பிடுவது என்பதே நமது கேள்வி.

அரசாங்கம் தடை விதித்தது என்று இங்கே யாரும் எண்ணிவிட வேண்டாம். ஹார்டியின் நாவல் எதனையும் எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை. தடுத்தது வாணிபம். அந்நாளில் புதிய நாவல் ஒன்று மூன்று பாகங்களாக வெளிவரும். விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். தொழிலாளி ஒருவன் நினைத்துப் பார்க்க முடியாத விலை. நடுத்தரக் குடும்பமும் தயங்கும். ஆகவே மக்கள் வாங்கவில்லை; ஆண்டுக்கு ஒரு கினி சந்தா கட்டி, மூடி என்பவரின் நூலகத்தில் இரவல் பெற்றுப் படித்தார்கள். பதிப்பாளனுக்கு மூடிதான் பெரிய வாடிக்கைக்காரர். மூடி வேண்டாம் என்றால் நூல் பிணம். நூலாக வருமுன் திங்கள் ஏட்டிலோ கிழமை ஏட்டிலோ தொடர்கதையாக வரவேண்டும். எழுத்தாளனின் பிழைப்பு அதில்தான். தந்தை உரக்கப் படிக்க, மனைவியும் மகளும் சூழ்ந்திருந்து கேட்கும் கூடத்துக்குள் அந்த ஏடு போகிறது. அங்கே எவர் முகமாவது சிவந்தால் சந்தா நின்றுவிடும். இவ்வளவுதான் கணக்கு. ஒழுக்கம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தச் சந்தைக்குள் நுழைந்த ஹார்டி யார்? 1840ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், தென்மேற்கு இங்கிலாந்தில் டார்செட் மாவட்டத்து ஹையர் பாக்காம்ப்டன் என்னும் சிற்றூரில், கூரை வேய்ந்த வீட்டில் பிறந்தவர். தந்தை கொத்தனார், தாய் திருமணத்துக்கு முன் வேலைக்காரியாக இருந்தவர். குழந்தை இறந்து பிறந்தது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்களாம். உயிர் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் மருத்துவச்சி. பதினாறாம் வயதில் டார்செஸ்டர் நகரத்தில் கட்டிடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அதே 1856இல், தன்னைக் கொடுமைப்படுத்திய கணவனைக் கொன்ற மார்த்தா பிரவுன் என்னும் பெண்ணை அந்த ஊரில் பலர் காணத் தூக்கிலிட்டார்கள். கூட்டத்தில் நின்று பார்த்தவர்களுள் ஹார்டியும் ஒருவர். அந்தக் காட்சி முதுமை வரை அவரை விட்டு அகலவில்லை.

பல்கலைக்கழகம் அவருக்கு எட்டவில்லை. வேலைக்குப் போகுமுன் விடியலில் எழுந்து இலத்தீனும் கிரேக்கமும் தாமே பயின்றார். படித்த நண்பர் ஹொரேஸ் மௌலிடம், கிரேக்க நாடகங்களைத் தொடர்ந்து படிக்கலாமா என்று கேட்டார். பிழைப்பு வேண்டுமானால் கட்டிடத் தொழிலைப் பார் என்பதே விடை. நண்பர் தீய நோக்கத்தோடு சொல்லவில்லை, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அதனால்தான் அது அதிகம் வலித்திருக்கும்.

முதல் நாவலின் பெயரே நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது: 'ஏழையும் சீமாட்டியும்'. மேல்தட்டாரைச் சாடிய அந்தக் கையெழுத்துப்படியை 1868இல் மாக்மில்லன் நிறுவனத்துக்கு அனுப்பினார், ஏற்கவில்லை. அடுத்த பதிப்பாளருக்காகப் படித்துப் பார்த்தவர் ஜார்ஜ் மெரிடித் என்னும் நாவலாசிரியர். இதை வெளியிட்டால் தாக்குதலுக்கு ஆளாவாய், சிக்கலான கதையமைப்புள்ள வேறொன்றை எழுது என்று அறிவுரை கூறினார். நாவல் வெளிவரவே இல்லை. கையெழுத்துப்படியும் பின்னர் அழிந்தது. ஹார்டியின் நூல்களுள் உண்மையாகவே இல்லாமற் போனது இது ஒன்றுதான்! அதைப் பிஷப் எரிக்கவில்லை. அதை அழித்தது நல்ல மனிதர்களின் நல்ல அறிவுரை.

அறிவுரையைக் கேட்டார் ஹார்டி. கொலையும் மர்மமும் நிறைந்த 'டெஸ்பரேட் ரெமடீஸ்' 1871இல் வெளிவந்தது. அதற்காகத் தம் கைப்பணம் எழுபத்தைந்து பவுனைப் பதிப்பாளரிடம் முன்பணமாகக் கட்டினார். அடுத்த ஆண்டு வந்த 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' நாவலின் உரிமையை முப்பது பவுனுக்கு விற்றார். மூன்றாம் நாவலும் வந்த பிறகு, 1874இல் 'கார்ன்ஹில்' என்னும் புகழ்பெற்ற திங்கள் ஏட்டில் 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்' தொடர்ந்து வந்தது. புகழ் வந்தது, கட்டிடத் தொழிலை விட்டார், எம்மா கிஃபர்டை மணந்தார்.

'கார்ன்ஹில்' ஏட்டின் ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன். இவரைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். பாதிரியாராக இருந்து நம்பிக்கை இழந்தவர். சட்டப்படி அந்தப் பட்டத்தைத் துறந்தபோது, 1875 மார்ச்சில் ஓர் இரவு, துறவுப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்திட ஹார்டியைத்தான் அழைத்தார். நம்மவர் என்று நாம் உரிமை கொண்டாடத்தக்க மனிதர். ஆனால் ஏட்டாசிரியர் நாற்காலியில் அமர்ந்ததும் என்ன செய்தார்? போர்வீரன் ஒருவனால் கைவிடப்பட்ட ஏழைப் பெண் ஃபானியின் கதையை மெல்லத் தொட்டுச் செல்லும்படி ஹார்டியை வேண்டினார். மூன்று கண்ணியமான சீமாட்டிகள் குறைகூறி எழுதிவிட்டார்களாம். அடுத்து 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' நாவலின் தொடக்கத்தைப் பார்த்தவர், இது எங்கே போய் முடியுமோ என்று தயங்கினார். ஹார்டி அதை வேறு ஏட்டுக்குக் கொடுக்க நேர்ந்தது. கடவுளுக்கு அஞ்சாத ஸ்டீஃபன் சந்தாதாரருக்கு அஞ்சினார். இதைப் படித்தபோது நமக்குச் சினம் வரவில்லை, நாணமே வந்தது. நம் ஏடுகளும் நாமும் எந்த மூன்று சீமாட்டிகளுக்கு அஞ்சி எதை எழுதாமல் விடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தோம்.

இனி 'டெஸ்' நாவலுக்கு வருவோம். கத்தரிக்கோல் முழு வேகத்தில் ஓடியது இதில்தான்.

ஏழைச் சில்லறை வாணிபன் ஒருவனிடம், நீ பண்டைய டர்பர்வில் பிரபுக் குலத்தின் வழித்தோன்றல் என்று பழங்கதை ஆராயும் பாதிரியார் ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறார். அந்தக் குலப்பெருமை அவன் தலைக்கேறுகிறது. செல்வ உறவினரைத் தேடி மகள் டெஸ் அனுப்பப்படுகிறாள். உறவினர் போலி, பணம் கொடுத்து அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள். அந்த வீட்டு இளைஞன் அலெக் அவளைக் கெடுக்கிறான். குழந்தை பிறக்கிறது, சாகக் கிடக்கிறது. ஞானஸ்நானம் செய்யப் பாதிரியாரை அழைக்கலாம் என்றால், குடும்ப மானம் போய்விடும் என்று தந்தை கதவைப் பூட்டுகிறான். நரகத்தீயை எண்ணி நடுங்கிய அந்தப் பெண், நள்ளிரவில் தம்பி தங்கையரை எழுப்பி மண்டியிடச் செய்து, தானே நீர் தெளித்துப் பெயர் சூட்டுகிறாள். பெயர் 'துயரம்'. விடிவதற்குள் குழந்தை இறக்கிறது. டெஸ் பாதிரியாரைச் சந்திக்கிறாள். நீ செய்தது செல்லும் என்று மனமிரங்கிச் சொல்கிறார். ஆனால் கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்ய மட்டும் மறுக்கிறார். குடிகாரரும் தற்கொலை செய்துகொண்டோரும் புதைக்கப்படும் மூலையில், முட்செடிக்கு நடுவே குழந்தை புதைக்கப்படுகிறது. மதத்தைத் தாக்கும் ஒரு சொல்லும் அங்கே இல்லை. ஓர் இளம்பெண், ஒரு கிண்ணத்து நீர், ஒரு பாதிரியாரின் தயக்கம், அவ்வளவே. நூறு கண்டனக் கட்டுரைகள் செய்யாததை அந்த அதிகாரம் செய்கிறது.

முதலில் செய்தித்தாள் கூட்டு நிறுவனமான டில்லட்சன் இதை ஏற்று அச்சுக்கோத்தது. படித்துப் பார்த்ததும் 1889இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 'மர்ரேஸ்', 'மாக்மில்லன்ஸ்' ஆகிய இரு ஏடுகளும் மறுத்தன. பிறகு ஹார்டியே கத்தரிக்கோலை எடுத்தார். 1891இல் 'தி கிராஃபிக்' கிழமை ஏட்டில் வந்த தொடர்கதையில் குழந்தையே கிடையாது. நள்ளிரவு ஞானஸ்நானத்தைத் தனியே வெட்டி எடுத்து 'ஃபோர்ட்நைட்லி ரெவ்யூ' ஏட்டுக்குக் கொடுத்தார். டெஸ் கெடுக்கப்பட்டதற்குப் பதிலாக, அலெக் போலித் திருமணம் செய்து ஏமாற்றினான் என்று மாற்றினார். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஒருவன் பெண்ணைக் கெடுத்தான் என்றால் ஆபாசம். பொய்ச்சடங்கு ஒன்று நடத்திவிட்டுக் கெடுத்தான் என்றால் குடும்பத்தார் படிக்கலாம். பெண் பட்ட துன்பம் இரண்டிலும் ஒன்றே. சடங்கு வேண்டும், அது பொய்யாக இருந்தாலும் தாழ்வில்லை! இன்னும் ஒன்று உண்டு. மழைநீர் தேங்கிய பாதையில் பால்கறக்கும் பெண்கள் நால்வரை ஏஞ்சல் கிளேர் என்னும் இளைஞன் கைகளில் தூக்கிக் கரை சேர்க்கிறான். ஆண்மகன் பெண்ணைத் தூக்குவதா என்று ஏட்டாசிரியர் பதறினார். தள்ளுவண்டி ஒன்று கொண்டுவரப்பட்டது. நால்வரும் வண்டியில் கடந்தார்கள். ஆங்கில இலக்கியம் கண்ட அந்தத் தள்ளுவண்டியை நினைத்தால் இன்றும் நமக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

இதைக் கோழைத்தனம் என்று சொல்லும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கொள்கைக்காரன் கத்தரிப்பானா, எழுதுகோலை முறித்தல்லவா எறிந்திருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களோடு நாம் முழுதும் உடன்பட முடியவில்லை. ஹார்டி வெட்டிய பகுதிகளைத் தொலைத்துவிடவில்லை. 1891 முடிவதற்குள் நாவல் மூன்று பாகங்களாக வந்தபோது குழந்தை வந்தது, ஞானஸ்நானம் வந்தது, தள்ளுவண்டி மறைந்து ஏஞ்சலின் கைகள் மீண்டன. முகப்பில் 'தூய பெண்' என்ற சொற்களையும் சேர்த்தார். கெடுக்கப்பட்டு, தாயாகி, இறுதியில் கொலையும் செய்து தூக்கில் தொங்கும் பெண்ணைத் தூயவள் என்று முகப்பிலேயே பொறித்தார். கற்பு பற்றிய விவாதம் அங்கேயே தொடங்கிவிட்டது. கத்தரித்தபோதும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. 1890 சனவரியிலேயே 'நியூ ரெவ்யூ' ஏட்டில், திங்கள் ஏடுகளும் இரவல் நூலகங்களும் ஆங்கில நாவலை எப்படி முடமாக்குகின்றன என்று பெயர்சொல்லி எழுதினார்.

ஆனாலும் அந்த இளைஞர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நாம் தள்ளமாட்டோம். நூலை வாங்கியோரினும் ஏட்டைப் படித்தோர் பலர். அவர்கள் கண்டது போலித் திருமணத்தைத்தான். செல்வர் கூடத்துக்கு முழுக்கதையும் எளியவர்க்கு வெட்டிய கதையும் போய்ச் சேர்ந்தன. ஹார்டி இதை அறியாதவர் அல்லர்.

அடுத்தது 'ஜூட்'. 1894 டிசம்பரில் 'ஹார்ப்பர்ஸ்' ஏட்டில் தொடங்கிற்று. எந்தத் தூய கன்னியும் முகம் சுளிக்கமாட்டாள் என்று ஹார்டி முன்கூட்டி உறுதி சொல்லியிருந்தார். எழுத எழுதக் கதை அவர் பிடியை மீறியது. ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கும்படி அவரே கேட்டார், ஏட்டார் விடவில்லை. மீண்டும் கத்தரிக்கோல், பெற்ற பிள்ளை தத்துப்பிள்ளையாயிற்று. 1895 இறுதியில் முழு நூல் வந்தது.

ஜூட் ஃபாலி ஒரு கல்தச்சன். கிறைஸ்ட்மினிஸ்டர் என்று ஹார்டி பெயரிட்ட ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க வேண்டும் என்பது அவன் கனவு. ரொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே இலத்தீன் படிக்கிறான். கல்லூரிச் சுவர்களின் கல்லைச் செதுக்கிச் சீர்செய்கிறான்; சுவருக்கு அப்பால் போக முடியவில்லை. கல்லூரித் தலைவருக்கு விண்ணப்பம் எழுதுகிறான். விடை வருகிறது: நீ தொழிலாளி, உன் தொழிலிலேயே நிலைத்திருப்பது உனக்கு நலம். 1953ஆம் ஆண்டுக் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்த இயக்கத்தின் வழிவந்தவர்களுக்கு இந்தக் கடிதத்தை நாம் விளக்கத் தேவையில்லை. அங்கே வகுப்பு, இங்கே பிறப்பு, வேறுபாடு பெரிதுதான். ஆனால் கடிதத்தின் நடை ஒன்றே.

பிஷப்பைச் சினங்கொள்ளச் செய்தது இந்தக் கடிதம் அன்று. ஜூட்டும் அவன் காதலி சூவும் சடங்கின்றி இணைந்து வாழ்ந்தார்களே, அதுதான். காதல் செத்த பின் திருமணம் கொடுமையாகிறது, அப்போது அது கலைக்கப்படலாம் என்று நாவல் சொல்லிற்றே, அதுதான். கல்விக்கதவு சாத்தப்பட்டதைக் கண்டு எந்தப் பிஷப்பும் நெருப்பு மூட்டவில்லை.

'ஜூட்' பெற்ற வசைக்குப் பின் ஹார்டி புதிய நாவல் எழுதவில்லை. 1897இல் நூலான 'தி வெல்-பிலவ்டு' முன்பே தொடராக வந்ததைத் திருத்தி அமைத்தது. ஆகவே பிஷப்பின் நெருப்பு நாவலாசிரியனை எரித்தது என்று கூறுவார்கள். ஹார்டியும் அந்த வசையே நாவல் எழுதும் ஆசையைத் தீர்த்து வைத்தது என்றார். கேட்க இனிக்கிறது, இனிக்கிறது என்பதற்காகவே ஆராய வேண்டாமா? இளமை முதல் அவர் விரும்பியது கவிதையை, நாவல் பிழைப்புக்காக. 'டெஸ்', 'ஜூட்' இரண்டும் நன்றாக விற்றன. இனி ஏட்டாசிரியர் எவரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை என்ற நிலை வந்தது. 1898இல் கவிதைத் தொகுதி வந்தது. இறக்கும்வரை கவிதையே எழுதினார். பிஷப் அவரைத் துரத்தினார் என்பதில் உண்மை உண்டு. அவர் நெடுநாளாக வாயிலை நோக்கி நின்றிருந்தார் என்பதிலும் உண்மை உண்டு.

குறைகளையும் சொல்லிவிடுவோம். பெண்ணின் துயரை இவரைப்போல் எழுதியவர் ஆங்கிலத்தில் சிலரே. தம் வீட்டில் எம்மாவைப் பல்லாண்டு தனிமையில் வாட விட்டார். 1912இல் அவர் இறந்த பிறகு உருகி உருகிக் கவிதை எழுதினார். கவிதைகள் மிகச் சிறந்தவை, எம்மா படிக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி, இரண்டாம் மனைவி ஃபுளோரன்ஸ் எழுதியதாக வெளியிட ஏற்பாடு செய்தார். அதில் கொத்தனார் குடும்பம் உள்ளதைக் காட்டிலும் உயர்ந்து தோன்றுகிறது. வேலைக்காரிகளும் கூலிகளுமான உறவினர் மறைந்துபோகிறார்கள். டர்பர்வில் குலப்பெருமையை எள்ளி நகையாடிய கையே இதையும் எழுதிற்று.

பல்கலைக்கழகங்கள் பின்னர் தேடிவந்தன. கேம்பிரிட்ஜ் 1913இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920இலும் டாக்டர் பட்டம் அளித்தன. 'ஜூட்' நாவலின் கையெழுத்துப்படி இன்று கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் காட்சிசாலையில் இருக்கிறது. தொழிலாளர் பயில 1899இல் ஆக்ஸ்ஃபோர்டில் தோன்றிய ரஸ்கின் கல்லூரிக்கு ஜூட்டின் பெயரையே வைத்திருக்கலாம் என்று சில வாசகர்கள் கருதியதை, 1912ஆம் ஆண்டு முன்னுரையில் ஹார்டி பெருமிதத்தோடு குறித்தார்.

1928 சனவரி 11ஆம் நாள் மறைந்தார். சிற்றூர் இடுகாட்டில் தம்மவரோடு கிடக்கவே விரும்பியிருந்தார். பெரியோர் விடவில்லை, வெஸ்ட்மினிஸ்டர் மாதாகோயிலில் இடம் ஒதுக்கினார்கள். முடிவில் உடலையே பங்கிட்டார்கள்: இதயம் ஊருக்கு, சாம்பல் மாதாகோயிலுக்கு. சனவரி 16 அன்று சாம்பலோடு நடந்தவர்களில் முதலமைச்சர் பால்ட்வின் இருந்தார், பெர்னாட்ஷா இருந்தார், கிப்ளிங் இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டுக் கல்லூரித் தலைவர் ஒருவரும் கேம்பிரிட்ஜ் கல்லூரித் தலைவர் ஒருவரும் இருந்தார்கள். அதே நேரத்தில் டார்செட்டில் ஸ்டின்ஸ்ஃபோர்டு இடுகாட்டில், எம்மாவின் கல்லறையில், ஊரார் சூழ்ந்து நிற்க, சிறு பெட்டியொன்றில் இதயத்தைப் புதைத்தார்கள்.